வானத்தில் ரிசர்வ் கிடையாது

சில வருஷங்களாக எனக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு உண்டு. விமான விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிப்பது. நான் பைலட் இல்லை, சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு அமைப்பு எந்த இடத்தில், எப்படி உடைந்தது என்பதை இவ்வளவு பொறுமையாக, யார் மேலும் கோபப்படாமல் எழுதுகிற ஆட்கள் மற்ற துறைகளில் குறைவு. அதற்காகவே படிக்கிறேன்.

அதில் ஒரு வகை அறிக்கை மட்டும் திரும்பத் திரும்ப வரும். இயந்திரக் கோளாறு இல்லை. புயல் இல்லை. நல்ல வெளிச்சம், தெளிவான வானம், பறக்கக் கூடிய நிலையில் இருந்த விமானம். டேங்கில் பெட்ரோல் இல்லை, அவ்வளவுதான்.

கேட்டதும் எல்லாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: "பெட்ரோல் இருக்கான்னு கூடப் பார்க்காம எவனாவது பறப்பானா?" எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எண்களைப் பார்த்தால் அந்தக் கேள்வி கொஞ்சம் தடுமாறும்.

அமெரிக்காவில் சுமார் 2 லட்சம் சின்ன விமானங்கள் இருக்கின்றன. அங்கே போக்குவரத்து விபத்துகளை விசாரிக்கும் என்டிஎஸ்பி அமைப்பு 2017-ல் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. அதன்படி எரிபொருள் நிர்வாகக் குளறுபடியால் சராசரியாக வருஷத்துக்கு 50-க்கும் மேல் விபத்துகள். அதாவது வாரத்துக்கு ஒன்று. இவற்றில் 95 சதவீதத்தில் பைலட்டின் செயல் ஒரு காரணம், இயந்திரப் பிரச்சினை வெறும் 5 சதவீதம். 80 சதவீதம் பகலில், நல்ல வானிலையில் நடந்தவை. இதில் மாட்டிய பைலட்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கமர்ஷியல் உரிமமோ, அதற்கும் மேலே ஏர்லைன் பைலட் உரிமமோ வைத்திருந்தவர்கள். கற்றுக்கொள்ளும் மாணவர்கள் 2 சதவீதம்தான்.

கடைசி இரண்டு எண்களை இன்னொரு தடவை படியுங்கள். விஷயம் தெரியாததுதான் காரணம் என்றால் மாணவர்கள்தானே அதிகம் விழ வேண்டும்? தெரிந்தவர்கள்தான் விழுகிறார்கள். அப்படியென்றால் "முட்டாள்தனம்" என்பது விளக்கம் இல்லை. அது நாம் யோசிப்பதை நிறுத்திக்கொள்ள உதவும் ஒரு வார்த்தை, அவ்வளவே.

தீர்ந்து போவதும், வந்து சேராததும்

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். எரிபொருளால் இன்ஜின் நிற்பது இரண்டு விதம்.

ஒன்று, எல்லா டேங்கும் காலி. சொட்டு மிச்சமில்லை. என்டிஎஸ்பி கணக்கில் இது 56 சதவீதம்.

இரண்டு, ஏதோ ஒரு டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, ஆனால் இன்ஜினுக்கு வந்து சேரவில்லை. இது 35 சதவீதம். சின்ன விமானங்களில் பெட்ரோல் பெரும்பாலும் இறக்கைகளுக்குள் இருக்கும், இடது ஒன்று, வலது ஒன்று. உலகத்தில் அதிகம் தயாரான விமானமான செஸ்னா 172-ல் டேங்கைத் தேர்ந்தெடுக்கும் திருகில் 'இடது', 'வலது', 'இரண்டும்' என்று மூன்று நிலை உண்டு. 'இரண்டும்' என்று வைத்துவிட்டு நிம்மதியாகப் பறக்கலாம். ஆனால் இன்னொரு பிரபலமான விமானமான பைப்பர் செரோக்கியில் இடது அல்லது வலதுதான். பைலட் அவ்வப்போது ஞாபகம் வைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் ஒரு இறக்கை நிறைய பெட்ரோலோடு இன்ஜின் நின்றுபோகும்.

இரண்டாவது வகையில் உலகம் அறிந்த உதாரணம் பாடகர் ஜான் டென்வர். 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் அவருக்கு இருந்தது. புதிதாக வாங்கிய லாங்-ஈஸி என்ற விமானம், வீட்டில் கட்டும் வகை. டேங்க் மாற்றும் கைப்பிடியை அதைக் கட்டியவர் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். மூல வடிவமைப்பில் அது அங்கே இல்லை. பெட்ரோல் அளவைக் காட்டும் கண்ணாடியும் இருக்கைக்குப் பின்னால்தான், அதில் அளவுக்கோடுகளும் இல்லை. கிளம்பும் முன் மெக்கானிக் அதைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்திருக்கிறார். பெட்ரோல் போடலாமா என்று கேட்டபோது, ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன், வேண்டாம் என்றிருக்கிறார் டென்வர்.

பறக்கும்போது ஓடிக்கொண்டிருந்த டேங்க் தீர்ந்தது. கைப்பிடியை எட்ட உடம்பை இடது பக்கம் முறுக்கித் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தானாக ரட்டர் பெடலை அழுத்திவிடும். விசாரணையாளர்கள் அதே அமைப்பில் உட்கார்ந்து பார்த்து இதை உறுதி செய்தார்கள். விமானம் கட்டுப்பாடு இழந்து கடலில் விழுந்தது. அறிக்கை பைலட்டைச் சொல்கிறது. கூடவே கைப்பிடியை அந்த இடத்தில் வைத்த முடிவையும், குறியிடாத அளவுகோலையும், போதாத பயிற்சியையும் வரிசையாகச் சொல்கிறது. ஒரு தப்பு மட்டும் எங்கேயும் தனியாக நிற்பதில்லை.

இனி நான் பேசப் போவது முதல் வகையை. மொத்தமும் தீர்ந்து போவது.

நம்ம பைக்கும் அந்த விமானமும்

பழைய பைக் ஓட்டியவர்களுக்கு ஒரு அனுபவம் இருக்கும். ஓடிக்கொண்டே இருக்கும்போது வண்டி திடீரென்று இருமும், விக்கும். "ஆஹா, ரிசர்வ் வந்துடுச்சு" என்று இடது கையைக் கீழே விட்டு டேங்குக்கு அடியில் இருக்கும் திருகைத் திருப்புவோம். வண்டி பழையபடி ஓடும். அடுத்த பங்க்கில் போட்டுக்கொள்ளலாம்.

அந்த ரிசர்வ் எப்படி வேலை செய்கிறது? டேங்குக்குள் ஒரு குழாய் கொஞ்சம் உயரமாக நிற்கும். பெட்ரோல் மட்டம் அதன் வாய்க்குக் கீழே இறங்கியதும் வரத்து நின்றுபோகும். திருகைத் திருப்பினால் அடியில் இருக்கும் இன்னொரு துளை வழியாக மீதி வரும். சென்சார் இல்லை, மின்சாரம் இல்லை. ஆனால் அருமையான வடிவமைப்பு. ஏனென்றால் அங்கே ரிசர்வ் என்பது ஒரு பௌதிக உண்மை. நீங்கள் கவனிக்காவிட்டாலும் அது உங்களை நிறுத்திச் சொல்லிவிடும்.

விமானத்துக்கும் ரிசர்வ் உண்டு, சட்டத்தில். அமெரிக்க விதிப்படி கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானம் போக வேண்டிய இடத்தை அடைந்த பிறகும் பகலில் 30 நிமிஷம், இரவில் 45 நிமிஷம் பறக்கப் போதுமான எரிபொருளோடு கிளம்ப வேண்டும்.

"கிளம்ப வேண்டும்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். விதி பேசுவது புறப்படும் நேரத்தை. எதிர்பார்க்கும் காற்றை வைத்துக் கணக்குப் போட்டு, இவ்வளவு மிஞ்சும் என்று இருந்தால் கிளம்பலாம். வானத்தில் ஏறிய பிறகு அந்த 30 நிமிஷம் கரையத் தொடங்கினால் எதுவும் இருமாது, விக்காது. சாதாரண பெட்ரோலின் கடைசி லிட்டர் முடிந்து ரிசர்வின் முதல் லிட்டர் எரியத் தொடங்கும் நொடியில் இன்ஜின் சத்தத்தில் எந்த மாற்றமும் இருக்காது. விமானத்தின் ரிசர்வ் பைலட்டின் மனசில் இருக்கும் ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண்ணைத் தின்றுவிடுவது சுலபம்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அந்த எண் எப்படித் தின்னப்படுகிறது என்பதன் விவரம்.

முள் ஏன் போதாது?

"டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு காட்ட முள் இருக்குமே?" இருக்கிறது. ஆனால் பெரும்பாலான சின்ன விமானங்களில் அது பழைய காரில் இருக்கும் அதே தொழில்நுட்பம். பெட்ரோலில் மிதக்கும் ஒரு மிதவை, அதோடு சேர்ந்த ஒரு மின்தடை, டாஷ்போர்டில் ஒரு முள்.

காரின் டேங்குக்குக் கொஞ்சம் ஆழம் உண்டு. விமான இறக்கைக்குள் இருக்கும் டேங்கோ தட்டு மாதிரி, அகலம் அதிகம், ஆழம் குறைவு. மட்டம் ஒரு விரற்கடை ஏறி இறங்கினாலே பல லிட்டர் வித்தியாசம். அதோடு விமானம் சாயும், திரும்பும், மூக்கைத் தூக்கும். உள்ளே பெட்ரோல் தளும்பிக்கொண்டே இருக்கும், முள்ளும் ஆடிக்கொண்டே இருக்கும்.

பைலட்கள் மத்தியில் ஒரு பழங்கதை உண்டு: "சட்டப்படி அந்த முள் காலியாக இருக்கும்போது மட்டும் சரியாகக் காட்டினால் போதும்." இது தப்பான புரிதல். ஒவ்வொரு டேங்கிலும் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி வேலை செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. 'பூஜ்யம்' என்ற குறி எதைக் குறிக்க வேண்டும் என்று சொல்லும் இன்னொரு விதியைத்தான் இப்படித் திரித்துவிட்டார்கள். சமமாகப் பறக்கும்போது, இன்ஜினுக்கு வர முடியாமல் அடியில் தங்கும் பெட்ரோல் மட்டும் மிஞ்சினால் முள் பூஜ்யம் காட்ட வேண்டும் என்கிறது அது. எழுபதுகளின் செஸ்னா 172என் மாடலில் டேங்கின் கொள்ளளவு 43 கேலன், சுமார் 163 லிட்டர். பயன்படுத்த முடிந்தது 40 கேலன், 151 லிட்டர். மீதி 12 லிட்டர் சும்மா கூட வரும் பயணி.

பழங்கதை பொய்தான், ஆனால் அது செய்யும் சேதம் உண்மையானது. முள்ளை நம்பாதே என்று பழகியவர், முள் உண்மையிலேயே காலி என்று காட்டும்போதும், "இது எப்பவும் இப்படித்தான்" என்று தள்ளிவிட்டுப் போவார். அடிக்கடி பொய்யாக அடிக்கும் அலாரத்தை என்ன செய்வோம் என்று எங்கள் துறையில் இரவுப் பணி பார்த்த யாரையும் கேளுங்கள்.

இன்னொரு கணக்கு. 30 நிமிஷ ரிசர்வ் என்பது 172-ல் சுமார் 16 லிட்டர். இரண்டு இறக்கைக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 8 லிட்டர். சுமார் 80 லிட்டர் டேங்கில் பத்தில் ஒரு பங்கு. சட்டம் சொல்லும் ரிசர்வ் இருப்பது முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் தள்ளாடும் அந்தப் பகுதியில்தான். எந்த இடத்தில் துல்லியம் அதிகம் தேவையோ அங்கேதான் முள் ஆடுகிறது.

மூன்று சின்னப் பிசகு

நம் ஊரில் வண்டி வாங்கினால் முதல் கேள்வி, "எவ்வளவு மைலேஜ் கொடுக்குது?" லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். விமானத்தில் இந்தக் கேள்வியே ஆபத்தானது. அங்கே கேட்க வேண்டியது மணிக்கு எத்தனை லிட்டர் என்று. ஏனென்றால் விமானம் நகரும் காற்றுக்குள் நகர்கிறது. எதிர்க்காற்று அடித்தால் இன்ஜின் அதே அளவு குடிக்கும், தூரம் மட்டும் குறையும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இது நானே உட்கார்ந்து போட்டது, எந்த விபத்திலிருந்தும் எடுத்ததில்லை. எண்கள் பழைய 172-க்குப் பொருந்துபவை.

போக வேண்டிய தூரம் 740 கிலோமீட்டர். வேகம் மணிக்கு 204 கிலோமீட்டர். பயன்படுத்தக் கூடிய பெட்ரோல் 151 லிட்டர். செலவு மணிக்கு 32 லிட்டர். கிளம்பவும் மேலே ஏறவும் கூடுதலாக 6 லிட்டர். பயண நேரம் 3 மணி 38 நிமிஷம். மொத்தச் செலவு 122 லிட்டர், மிச்சம் 29 லிட்டர், அதாவது 54 நிமிஷம். சட்டம் கேட்பது 30. தாராளம்.

இப்போது மூன்று சின்ன விஷயங்கள்.

முதலாவது, டேங்க் முழுசாக நிரம்பவில்லை. விமானம் கொஞ்சம் சரிவான இடத்தில் நின்றிருந்தது, மூடி வரை வந்தது போலத் தெரிந்தது, உண்மையில் 6 லிட்டர் குறைவு. இது மட்டும் நடந்தால் மிச்சம் 43 நிமிஷம். ஒன்றும் ஆகாது.

இரண்டாவது, மிக்ஸ்சரைச் சரியாகக் குறைக்கவில்லை. உயரம் போகப் போகக் காற்று மெலியும், அதற்கேற்ப பைலட் ஒரு சிவப்புக் குமிழை இழுத்து பெட்ரோலைக் குறைக்க வேண்டும். நம் ஊர் மெக்கானிக் கார்புரேட்டரில் மைலேஜுக்கு டியூன் பண்ணுவார் இல்லையா, அதை இவர் பறந்துகொண்டே செய்ய வேண்டும். விட்டால் 32 என்பது 36 ஆகும். இது மட்டும் நடந்தால் மிச்சம் 24 நிமிஷம். தரையிறங்கிவிடலாம், யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, நினைத்ததை விட மணிக்கு 28 கிலோமீட்டர் அதிக எதிர்க்காற்று. பயணம் 4 மணி 12 நிமிஷமாக நீளும். இது மட்டும் நடந்தால் மிச்சம் 20 நிமிஷம். இதுவும் வீடு போய்ச் சேரும்.

மூன்றும் ஒரே நாளில் நடந்தால்? தேவை 157 லிட்டர், இருப்பது 145. கிளம்பி 3 மணி 52 நிமிஷத்தில், ஊருக்கு 60 கிலோமீட்டர் முன்னால் இன்ஜின் நிற்கும்.

இதில் எது மகா தப்பு? எதுவும் இல்லை. தனித்தனியாக எல்லாமே மன்னிக்கக் கூடியவை. இன்னும் மோசமானது, தனித்தனியாக நடந்த நாட்களில் விமானம் பத்திரமாகத்தான் இறங்கியிருக்கும். பைலட் கற்றுக்கொண்ட பாடம் "என் கணக்கு சரிதான்" என்பது. அனுபவசாலிகள் ஏன் அதிகம் மாட்டுகிறார்கள் என்பதற்கு ஒரு பகுதி பதில் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். பிசகு தண்டிக்கப்படாமல் போகப் போக அது பழக்கமாகிறது.

"எப்பவும் டேங்கை முழுசா நிரப்பிட்டா போச்சு" என்று தோன்றும். எல்லா நேரமும் முடியாது. 172-ன் பிந்தைய மாடலான 172எஸ்-ல் முழு டேங்க் 53 கேலன். பெட்ரோல் எடை மட்டும் சுமார் 144 கிலோ. இருக்கை நான்கு. நான்கு பெரியவர்கள், கொஞ்சம் சாமான், முழு டேங்க் எல்லாம் சேர்ந்தால் அனுமதித்த எடையைத் தாண்டிவிடும். ஆகவே பல பயணங்கள் பாதி டேங்கோடு கிளம்புவது ஒழுங்கான பைலட் செய்வதுதான். ஆனால் முழு டேங்கைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யலாம், பாதி டேங்கை அளந்துதான் அறிய முடியும்.

ஏன் நடுவில் இறங்கவில்லை?

சரி, வழியில் சந்தேகம் வராமலா இருக்கும்? வரும். கீழே விமான நிலையங்களும் இருக்கும். இறங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?

இறங்குவதற்கு ஒரு விலை உண்டு. உயரத்தை விட்டுக் கீழே வர வேண்டும், பெட்ரோல் போடும் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும், திரும்ப ஏற வேண்டும். முக்கால் மணி நேரம் போகும். பின்னால் உட்கார்ந்திருக்கும் குடும்பம் "என்னாச்சு?" என்று கேட்கும். இந்த விலை கண்ணுக்குத் தெரிவது, நிச்சயமானது. இறங்காமல் போனால் வரக் கூடிய விலை மங்கலானது, வராமலும் போகலாம்.

ஊர் நெருங்க நெருங்க நிறுத்துவது இன்னும் அபத்தமாகத் தெரியும். 300 கிலோமீட்டர் இருக்கும்போது "பார்த்துக்கலாம்". 100 இருக்கும்போது "இவ்வளவு வந்தாச்சு". 40 இருக்கும்போது "இதோ, வந்துடுச்சு". வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது இப்படித்தான். பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் இதைத் திட்டத்தைத் தொடரும் சாய்வு என்கிறார்கள். போட்ட திட்டத்தை மாற்றுவதற்குத்தான் காரணம் கேட்கிறது மனசு, தொடர்வதற்குக் கேட்பதில்லை.

கேள்வியே மாறிப்போவதையும் பாருங்கள். கிளம்பும்போது கேட்டது, "போய்ச் சேர்ந்த பிறகு எவ்வளவு மிஞ்சும்?" கடைசியில் கேட்பது, "போய்ச் சேர்ந்துடுமா?" ரிசர்வ் தின்னப்பட்டது இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்.

நின்ற பிறகு

இன்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழாது, சறுக்கும். 172 ஒரு மீட்டர் இறங்கும் நேரத்தில் சுமார் 9 மீட்டர் முன்னால் போகும். 1,500 மீட்டர் உயரத்தில் நின்றால் சுமார் 13 கிலோமீட்டர், 7 நிமிஷம். மேலே சொன்ன கணக்கில் ஊர் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே கீழே கிடைக்கும் வயல், சாலை, எதுவோ அதுதான் ஓடுதளம். மின்கம்பி, மரம், வரப்பு எல்லாம் அங்கே இருக்கும். தரையைத் தொடும்போது மணிக்கு 90 கிலோமீட்டர் அளவில் வேகம் இருக்கும்.

நேராக, கட்டுப்பாட்டோடு இறங்குபவர்கள் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. டேங்க் காலி என்பதால் தீப்பிடிக்கும் அபாயமும் குறைவு. உயிரை வாங்குவது பெரும்பாலும் அதற்கு முந்தைய நொடிகள். இன்னும் கொஞ்சம் தூரம் போய்விடலாம் என்று மூக்கைத் தூக்கினால் வேகம் குறைந்து இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும். அப்புறம் அது சறுக்கல் இல்லை, வீழ்ச்சி.

அதற்கு முன்பே வாய் திறந்து சொல்வது இன்னொரு வழி. அதுவும் நினைப்பதை விடக் கடினம். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் ஏவியான்கா 52 என்ற பெரிய பயணிகள் விமானமே இப்படி விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் தீர்கிறது என்று விமானிகள் கட்டுப்பாட்டு அறையிடம் சொன்னார்கள், ஆனால் 'அவசரநிலை' என்ற வார்த்தையை உச்சரிக்கவே இல்லை. இன்றைக்கு இதற்கென்றே 'மினிமம் ஃப்யூயல்', 'மேடே ஃப்யூயல்' என்று சர்வதேசச் சொற்கள் இருக்கின்றன. முதலாவது எச்சரிக்கை, இரண்டாவது அவசரநிலை. எவ்வளவு மென்மையாகச் சொல்வது என்று யோசிக்கும் வேலையை அந்தச் சொற்கள் மிச்சம் பண்ணுகின்றன.

ரிசர்வை நிஜமாக்குவது எப்படி?

நோய் என்னவென்றால், ரிசர்வ் மனசில் மட்டும் இருக்கிறது. ஆகவே மருந்தெல்லாம் அதை மனசுக்கு வெளியே கொண்டுவருவதுதான். பைக்கின் அந்தக் குழாயைப் போல.

முதல் மருந்து மிகப் பழையது, அளவுக்குச்சி. கிளம்பும் முன் இறக்கை மேல் எட்டி, மூடியைத் திறந்து, குச்சியை விட்டுப் பார்ப்பது. ஏணி வேண்டும், கையில் பெட்ரோல் படும். ஆனால் இது மின்சாரக் கோளாறு வராத கருவி. மூடியை இறுக்கி மூடவும் வேண்டும். பறக்கும்போது இறக்கையின் மேல்பக்கம் அழுத்தம் குறைவு, சரியாக மூடாத மூடி வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்பட்டு வெளியே போய்விடும்.

இரண்டாவது, கடிகாரம். இத்தனை மணிக்கு ஏறினோம், மணிக்கு இத்தனை லிட்டர், ஆகவே இத்தனை மணிக்குத் தரையில் இருக்க வேண்டும் என்று கிளம்பும் முன் காகிதத்தில் எழுதுவது. முக்கியம், எழுதுவது. "பார்த்துக்கலாம்" என்று சொல்லும் மூளை வானத்தில் இருக்கும். எழுதிய மூளை தரையில், நிதானமாக இருந்தது. முடிவை நிதானமான மூளையிடம் விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, ஓட்டமானி. இன்ஜினுக்குப் போகும் குழாயில் ஒரு சின்னச் சக்கரம் சுழன்று, போன பெட்ரோலை எண்ணிக் கழித்துக்கொண்டே வரும். மிகத் துல்லியமானது. ஆனால் ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது என்று பைலட் சொன்னதைத்தான் அது நம்பும். 145 லிட்டர் இருக்க 151 என்று சொன்னால் அந்தப் பொய்யைத் துல்லியமாகக் கழித்துக் காட்டும். மூடி வழியாக ஒழுகியதும் அதற்குத் தெரியாது. ஆகவே முள் ஒன்று சொல்லும், ஓட்டமானி ஒன்று சொல்லும், கடிகாரம் ஒன்று சொல்லும். மூன்றையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாவிட்டால் மோசமானதை நம்ப வேண்டும். மனசு செய்வது இதற்கு நேர் எதிர், இருப்பதில் இனிப்பானதை எடுத்துக்கொள்ளும்.

நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது, எச்சரிக்கை விளக்கு. 172எஸ் மாடலில் ஒரு டேங்கில் 5 கேலனுக்குக் கீழே போய், அப்படியே 60 நொடிக்கு மேல் இருந்தால் மஞ்சள் விளக்கு எரியும். ஏன் 60 நொடி? திரும்பும்போது பெட்ரோல் தளும்பி ஒரு கணம் குறைவாகக் காட்டும், அதற்கெல்லாம் எரிந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். நிரல் எழுதுபவர்களுக்கு இந்தத் தந்திரம் நன்றாகத் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் எரிந்தால் மீதி 10 கேலன், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். இன்ஜின் இருமாத குறையை இந்த விளக்கு தீர்க்கிறது.

அந்த ஒரு மணி நேரம் தற்செயலாக ஒரு நல்ல எண். அமெரிக்க விமான உரிமையாளர்கள், பைலட்கள் சங்கமான ஏஓபிஏவின் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் அறிவுரையும் அதுதான்: சட்டத்தின் 30 நிமிஷத்தை மறந்துவிடுங்கள், குறைந்தது ஒரு மணி நேர எரிபொருளோடு தரையில் இருங்கள். மேலே போட்ட கணக்கில் இந்த விதியைப் போட்டுப் பாருங்கள். 54 நிமிஷம் மிஞ்சும் அந்தத் 'தாராளமான' திட்டம் கிளம்பும் முன்பே தோற்றுவிடும். நடுவில் ஒரு இடத்தில் இறங்கிப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். மூன்று பிசகும் நடந்த அந்த நாளில் கூட எல்லாரும் வீடு சேர்ந்திருப்பார்கள், கொஞ்சம் தாமதமாக.

வெளிநாட்டில் இருக்கும் நண்பரோ உறவினரோ, "லைசென்ஸ் வாங்கிட்டேன், வாங்க ஒரு ரவுண்டு போகலாம்" என்று கூப்பிடும் நாள் உங்களில் சிலருக்கு வரலாம். பயப்பட வேண்டாம், போய் வாருங்கள். ஏறும் முன் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். "எத்தனை மணி நேரத்துக்குப் பெட்ரோல் இருக்கு? எத்தனை மணி நேரம் பறக்கப் போறோம்?" நல்ல பைலட் இதற்குக் கோபப்பட மாட்டார். யோசிக்காமல் இரண்டு எண் சொல்வார், எப்படி அளந்தார் என்றும் சொல்வார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இருந்தால் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால், "முதல்ல பெட்ரோல் போட்டுடலாமே, நான் காசு கொடுக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.